யந்திரத்துக்கும் நாடி பார்க்க வேண்டும்

என் சிநேகிதி ஒருத்தி வீட்டுப் பின்கட்டில் சின்ன ஸி.என்.ஸி. மில்லிங் யந்திரம் வைத்திருக்கிறாள். கம்ப்யூட்டர் இட்ட கட்டளைப்படி உலோகத்தைச் செதுக்கும் யந்திரம் அது. பித்தளைப் பெயர்ப் பலகைகள் செய்துதான் குடும்பம் நடக்கிறது.

போன வாரம் அவள் முகம் வாடியிருந்தது. "எழுத்துக்கள் போகப் போக இடம் தவறுகின்றன. இரண்டு தகடு பாழ்! கண்ட திருகையெல்லாம் திருகிப் பார்த்துவிட்டேன்" என்றாள்.

அங்கேதான் பிசகு. நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கலாமா? அளவுக் கருவியை வைத்து மூன்று சோதனை செய்தோம்.

10, 50, 100 மில்லிமீட்டர் நகர்த்தும்போது தூரத்துக்குத் தக்கபடி பிழையும் வளர்கிறதா? இழுபட்ட இஞ்சு டேப்பின் கதைதான். மில்லிமீட்டருக்கு இத்தனை 'ஸ்டெப்' என்ற கணக்கைத் திருத்த வேண்டும்.

திசை மாறும்போது மட்டும், எப்போதும் ஒரே அளவு குறைகிறதா? ஆடிப்போன கதவுக் கைப்பிடியைப் போல, திருகுத் தண்டுக்கும் நட்டுக்கும் இடையே தளர்ச்சி.

பத்துத் தடவை போய் வந்தபின் புறப்பட்ட இடத்துக்கே திரும்பவில்லையா? மோட்டார் அடி தவறுகிறது. அல்லது மோட்டாரையும் தண்டையும் இணைக்கும் கப்ளிங் வழுக்குகிறது.

சிநேகிதியின் யந்திரத்துக்கு மூன்றாவது வியாதி. கப்ளிங்கில் ஒரு பொடித் திருகு தளர்ந்திருந்தது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதை முடுக்க அரை நிமிஷம்.

அவள் கண்டபடி திருகி வைத்ததையெல்லாம் சரிப்படுத்தத்தான் அரை நாள் ஆயிற்று!