கடலாடப் படகேறுவோர் கேட்கத்தக்கது

சுவாசக் கருவி பூண்டு கடலடியில் உலாவும் ஸ்கூபா என்னும் விளையாட்டில் நம் மாணவர் சிலருக்கும் ஆசை பிறந்திருக்கின்றது. விடுமுறையில் புதுச்சேரிக்கும் அந்தமானுக்கும் சென்று மீள்வோர் கூறும் குறைகளோ பல: சிற்றுண்டி ஆறியிருந்தது, படகோட்டி முகமலர்ந்து பேசவில்லை, குறித்த வேளையில் புறப்படவில்லை. பணங்கொடுத்தோர் உபசாரம் எதிர்பார்ப்பது தவறன்று. ஆயினும் முதன்மையாக எதிர்பார்க்க வேண்டுவதை அவர்கள் மறந்துவிடுகின்றனர் என்பதே நம் வருத்தம்.

இராயபுரக் கரையை அறிந்தோர்க்கு இது பழைய கதை. சென்னைக்குத் துறைமுகம் அமையாத நாளில், இதற்குத் தெற்கே கோட்டைக்கு எதிரில், கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். பிரயாணிகள் மசூலாப் படகுகளிற் கரை சேர்வர். ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த அப்படகு, அலை மோதுங்கால் உடையாது நெகிழ்ந்து கொடுக்கும். கவிழ்ந்தால் ஆட்களை எடுக்கக் கட்டுமரக்காரர் உடன் செல்வதும் உண்டு. நனைந்த உடையைக் குறித்து நொந்துகொண்ட துரைமாருள், அருகே மிதந்து வந்த அக்கட்டுமரமே மெய்யான உபசாரம் என்று உணர்ந்தோர் எத்தனை பேரோ!

1998 ஜனவரி 25-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் லோனர்கன் தம்பதிகள் நீரினுள் இருக்கையிலேயே அவர்கள் வந்த படகு கரைக்குத் திரும்பிவிட்டது. தலை எண்ணியதிற் பிழை. படகிற்கிடந்த அவர்தம் பையைக் கண்டபின்னரே, இரண்டு நாள் கழித்து, இருவர் குறைவதை உணர்ந்தனர். உடல்கள் கிடைக்கவேயில்லை. அப்படகிற் சிற்றுண்டி எவ்வாறிருந்ததென்று இன்று கேட்பார் இல்லை.

நம்மவர் துயரமும் சேய்மையிலில்லை. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டு ஏரியிற் படகு கவிழ்ந்து 20-க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2014 ஜனவரி 26-இல் போர்ட் பிளேர் அருகே, 25 பேருக்கே இடமிருந்த படகில் 40-க்கு மேற்பட்டோர் ஏறினர். மாண்டவருட் பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து சென்றவர்.

ஆதலின், படகேறுமுன் வினவுக: இப்படகு எத்தனை பேரைத் தாங்கும்? மூழ்குமுன்னும் மேலெழுந்தபின்னும் பெயர் சொல்லி அழைப்பவர் யார்? நாம் நீரினுள் இருக்கையிற் படகிற் காவலிருப்பவர் யார்? ஆபத்துக்குப் பிராணவாயுக் கலம் உண்டா? இவற்றிற்கு விடைசொல்லத் தடுமாறுவோன் எத்துணை இன்முகம் காட்டினும் பயனில்லை. 'இன்று கடல் சரியில்லை, போகலாகாது' என்று வருவாயை இழந்தும் சொல்பவனே நமக்குத் தொண்டு செய்பவன்.

இதிற் குற்றமற்றோராக நாம் பேசவில்லை. ஒருமுறை வேற்றூர்க் கரையொன்றில் முதிய படகோட்டி ஒருவர் புறப்பட மறுத்தபோது, நம் கூட்டத்தார் அனைவரும் அவரைச் சூழ்ந்து சச்சரவிட்டோம். அவர் முன்பணத்தை எண்ணி எம் கையில் வைத்துவிட்டு, படகை மணலின்மேல் ஏற்றலானார். அன்று மாலை காற்று எழுந்ததோ இல்லையோ, நினைவில்லை. அவர் ஏன் மறுத்தார் என்று எம்மில் ஒருவரும் கேட்கவில்லை.