உயிருக்கும் ரேட் கார்டா?

போன லீவுல ஊருக்குப் போனப்ப பொன்முடி போனோம். 22 கொண்டை ஊசி வளைவு, மூடுபனி, போட்டோ... தேயிலைத் தோட்டத்தைப் பார்த்ததும் மனசு பெட்டிமுடிக்குப் போயிடுச்சு.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பெட்டிமுடியில மண்சரிவு. லயத்துல தூங்கின 70 பேர் போயிட்டாங்க. பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். மறுநாள் கோழிக்கோட்டுல விமான விபத்து. கேரள அரசு அறிவிச்சது, விமானத்துல இறந்தவங்களுக்கு 10 லட்சம், பெட்டிமுடிக்கு 5 லட்சம்!

விமானப் பயணி குடும்பத்துக்கு ஏர்லைன்ஸ் நஷ்டஈடு தனியா உண்டு. லயத்துக்காரருக்குக் குடியிருக்கிற வீடு கூடச் சொந்தமில்லை. அப்போ யாருக்குங்க கூடுதலா தரணும்?

அமெரிக்காவும் இதே தப்பைப் பண்ணிச்சு. 2001 செப்டம்பர் 11 நிவாரண நிதியை, இறந்தவங்க வருமானத்தைப் பார்த்துதான் பிரிச்சாங்க. அதை நடத்தின கென்னத் ஃபைன்பெர்க்கே பின்னாடி, எல்லாருக்கும் ஒரே தொகை கொடுக்கறதுதான் சரின்னார். 2007ல வர்ஜீனியா டெக்ல 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டாங்களே, கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பேராசிரியர் லோகநாதனும் அதுல ஒருத்தர். அங்கே அவர் நடத்தின நிதியில பேராசிரியர், மாணவர்னு பார்க்கலை. எல்லாக் குடும்பத்துக்கும் சமம்.

அமெரிக்கா பாடம் படிச்சுது. நாம?

அடுத்த லீவுக்கு நானும் விமானத்துலதான் வரணும். என் உயிருக்கு லயத்துக்காரர் உயிரைவிட இரட்டை விலை வேண்டாம், சாமி.