எண்ணத் தெரிந்தவர்களும் வாசிக்கத் தெரிந்தவர்களும்

தக்கலையில் அடங்கியிருக்கும் பீர்முகமது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் இங்கே மக்கள் கூடிப் பாடுகிறார்கள். குமரி மாவட்டத்துக் கல்லூரியொன்றின் தமிழாசிரியர், அப்பாடல்களின் சுவடிகளை ஒப்புநோக்கி, அரபுச் சொற்களுக்குக் குறிப்பெழுதி, பத்தாண்டு உழைப்பில் ஒரு செம்பதிப்பைக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறை அவருக்கு என்ன அளித்தது? இந்தியப் பதிப்பகம் வெளியிட்ட நூலின் பதிப்பாசிரியர் என்ற கணக்கில் 8 மதிப்பெண். அங்கீகாரம் பெற்ற ஆய்விதழில் ஆறு பக்கக் கட்டுரை எழுதிய சக ஆசிரியருக்கு 10. ஒரு முழு நூலை மொழிபெயர்த்தவருக்கும் 8தான். 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்த உ.வே.சா.வுக்கும் இந்தத் தராசில் அதே எடைதான்!

இணைப் பேராசிரியர் நியமனத்துக்கு 7 கட்டுரைகளும் 75 மதிப்பெண்ணும், பேராசிரியருக்கு 10 கட்டுரைகளும் 120 மதிப்பெண்ணும் வேண்டும் என்றது அவ்விதி. விளைவு யாவரும் அறிந்தது. காசு வாங்கிக்கொண்டு கட்டுரை அச்சிடும் இதழ்கள் பெருகின. 2018 மே மாதம் மானியக் குழுவே தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. 2019இல் 'கேர்' என்ற புதிய பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டார்கள். பட்டியல்கள் மாறின, நோய் மாறவில்லை.

மதிப்பெண் இல்லாவிட்டால் சாதியும் பணமும் சிபாரிசும் அல்லவா தீர்மானிக்கும் என்று கேட்பார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் விலைக்கு வாங்கக்கூடிய ஒரு மதிப்பெண் அவற்றை எப்படித் தடுக்கும்? ஊழலுக்குக் கணக்கேடு ஒன்றைக் கொடுத்ததுதான் மிச்சம்.

2025 ஜனவரியில் வந்த வரைவு விதிமுறை மதிப்பெண்ணை விட்டுவிட்டுப் 'பங்களிப்பை'ப் பார்க்கலாம் என்றது. எண்ணுவதை நிறுத்தினால் மட்டும் போதுமா? வாசிக்கத் தொடங்க வேண்டும். விண்ணப்பதாரர் தம் சிறந்த மூன்று ஆக்கங்களை மட்டும் தரட்டும். வெளியூர் அறிஞர் மூவர் அவற்றை முழுமையாக வாசித்து, பெயரிட்டு மதிப்புரை எழுதட்டும். அம்மதிப்புரைகள் பொதுவில் வைக்கப்படட்டும். தகுதியற்றவரைப் புகழ்ந்தெழுதியவர் நாளை வாசகர் முன் நிற்க நேரும். அந்தக் கூச்சம் எந்தப் பட்டியலையும்விட வலிய காவல்.

இதற்குக் காலம் பிடிக்கும் என்பார்கள். முப்பதாண்டு கற்பிக்கப்போகும் ஒருவரைத் தேர்ந்தெடுக்க மூன்று நூல்களை வாசிக்க நேரமில்லாதவர்களுக்குத் தேர்வுக் குழுவில் என்ன வேலை?