பிள்ளைகள் கையில் அரிவாள்: சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வோம்



நம் தென்மாவட்டங்களில் அரிவாள் இல்லாத வீடு அபூர்வம். கதிர் அறுக்க ஒன்று, கருவேலம் முள் வெட்ட ஒன்று, அடுப்படியில் அரிவாள்மனை, பனையேறியின் இடுப்பில் பாளை சீவும் அரிவாள் என்று அது நம் பிழைப்போடு கூடவே வருகிறது. திருப்பாச்சேத்தியை ஊருலகம் அறிந்ததே அரிவாளால்தான். கருப்பசாமிக்கு ஆளுயர அரிவாளை நேர்ந்து செலுத்துகிறோம். இவற்றைக் குற்றமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஆனால் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்த மாணவர்களே ஒரு பட்டியல் சமூக மாணவனின் வீட்டுக்குள் புகுந்து அவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் வெட்டினார்கள். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்பறையிலேயே சக மாணவனை வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. நாங்குநேரியில் வெட்டியது சாதி வெறி. சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தால் சாதி ஒழிந்துவிடும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்கும் வழிகளை ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அரசிடம் அறிக்கையாகவே தந்திருக்கிறது. நாங்கள் கேட்பது அதைவிடச் சிறியது, இன்றைக்கே செய்யக்கூடியது. கத்தி, அரிவாள் பற்றிய சட்டத்தை நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள், வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். விவசாயிகளும் பட்டறைக்காரர்களும் ஆசிரியர்களும் வழக்கறிஞர்களுமாகச் சேர்ந்து இந்த வேண்டுகோளை வைக்கிறோம்.

நாட்டில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம். துப்பாக்கிக்கு மட்டுமான சட்டம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கூர்முனை ஆயுதங்களும் அதற்குள் வருகின்றன. எது ஆயுதம் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். தாக்குவதற்கோ தற்காப்புக்கோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட எந்தப் பொருளும் ஆயுதம். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே வடிவமைத்தவை ஆயுதம் ஆகாது.

இதில் ‘தற்காப்பு’ இருப்பதைப் பாருங்கள். பையில் கத்தியோடு பிடிபடும் பையன்கள் பலரும் சொல்லும் பதில், “அடிக்கிறதுக்கு இல்ல சார், ஒரு சேஃப்டிக்குத்தான்” என்பது. அந்தப் பதில் தன்னைக் காப்பாற்றும் என்று நம்பியே அவன் சொல்கிறான். உண்மையில், காய் நறுக்கவோ கதிர் அறுக்கவோ அதை எடுத்து வரவில்லை, ஆயுதமாகத்தான் வைத்திருந்தேன் என்று அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுகிறது. ஒருவன் தாக்க வரும்போது தடுத்துக்கொள்ளும் உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இருந்தது. ஆனால் தாக்குதல் நடக்கும் அந்த நேரத்துக்கான உரிமை அது. என்றைக்கோ எவனோ வருவான் என்று தினமும் கத்தியைச் சுமந்து திரிவதற்கு அது அனுமதிச்சீட்டு இல்லை.

அடுத்தது அளவு. “ஒன்பது அங்குலத்துக்குள் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது” என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகளில் அந்த அளவு இருப்பது உண்மைதான். வாள், குத்துவாள், ஈட்டி ஆகியவற்றோடு, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளையும் ஒரே பட்டியலில் வைக்கிறது அந்த விதி. வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக வடிவமைத்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. நம் வெட்டரிவாளின் அகலம் பெரும்பாலும் 2 அங்குலத்தைத் தாண்டும். அதைக் காப்பாற்றுவது அளவு அல்ல, எந்த வேலைக்கான கருவி என்பதுதான். இன்னொன்றும் உண்டு. படைக்கலச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, குறிப்பிட்ட பகுதிக்கென்று அறிவிக்கை போட்டு, அங்கே துப்பாக்கியல்லாத ஆயுதங்களுக்கும் உரிமம் கேட்க வழி செய்கிறது. டெல்லியில் 1980இல் அப்படி ஓர் அறிவிக்கை வந்தது. பொத்தானை அழுத்தினால் விரியும் கத்தியின் அலகு 7.62 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அங்கே சிக்கல்தான். கணக்குப் போட்டால் வெறும் 3 அங்குலம். அறிவிக்கையை மீறினால் சிறை, அதோடு அபராதம். ஆகவே வெளியூரில் வேலைக்குப் போகும் தம்பிகள், ஆன்லைனில் அழகாக இருக்கிறதென்று வாங்கிய மடக்குக் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேற வேண்டாம். விமானத்திலும் கைப்பையில் கத்தி ஆகாது. மகள் வீட்டுக்குக் கொண்டுபோகும் அரிவாள்மனையைச் சரக்காகப் போடும் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

வயலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அரிவாளைச் சாக்கில் சுற்றிக் கட்டி, மண்வெட்டியோடும் கயிற்றோடும் சைக்கிளில் வைத்துக்கொண்டு போங்கள். கேட்டால் எந்தத் தோட்டம், என்ன வேலை என்று நேராகச் சொல்லுங்கள். அதே அரிவாள் சட்டைக்குள் முதுகோடு சொருகியிருந்தாலோ, ராத்திரி பதினோரு மணிக்கு பைக்கின் டேங்க் கவருக்குள் இருந்தாலோ, விவசாயக் கருவி என்று சொல்லி நம்பவைப்பது கடினம். ஊரில் தடையுத்தரவு போட்டிருக்கும் நாட்களில் இன்னும் கவனம் வேண்டும்.

பட்டறைக்கார அண்ணன்மார்களே, உங்கள் கையில்தான் பெரிய பொறுப்பு இருக்கிறது. லாரியின் வில்பட்டையை உலையில் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்து எடுக்கும்போது, அது எந்த வேலைக்கு என்று அலகின் வளைவை வைத்தே உங்களால் சொல்ல முடியும். முள் வெட்டவும் தேங்காய் வெட்டவும் உதவாத நீளத்தில், இருபுறமும் கூராக்கிக் கேட்கும் பையனுக்கு அது எதற்கென்று நீங்கள் அறியாமல் இருக்க முடியாது. அந்த வேலையை எடுக்காதீர்கள். ‘வடிவமைக்கப்பட்ட’ என்று சட்டம் சொல்வது உங்கள் சம்மட்டியடியைத்தான். வாங்குபவரின் பெயர், முகவரியை எழுதி வைக்கச் சொல்லி 2021இல் காவல்துறை அறிவுறுத்தியபோது பலருக்கு அது அவமானமாகத் தோன்றியது. எங்களிலும் சிலர் கோபப்பட்டார்கள். இன்று நாங்கள் எல்லோருமே சொல்கிறோம்: ஒரு நோட்டு வையுங்கள். நாளைக்கு விசாரணை என்று வந்தால் உங்களுக்குத் துணை நிற்பது அந்த நோட்டுதான்.

பெற்றோர்களே, பிள்ளையிடம் பேசும்போது தண்டனைக் கணக்கையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆயுதத்தால் கொடுங்காயம் ஏற்படுத்தினால் பத்தாண்டு வரை, சில சமயம் ஆயுள் தண்டனையும் உண்டு. ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடிப் போய், அந்தக் கூட்டம் எதற்காகப் போனதோ அந்தக் குற்றம் நடந்துவிட்டால், அந்த நோக்கத்தோடு கூட நின்றவன் வெறுங்கையோடு நின்றிருந்தாலும் குற்றவாளிதான். “நான் சும்மா பைக்தான் ஓட்டினேன்” என்பது எடுபடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் இளைஞர் நீதிக் குழுமம், கூர்நோக்கு இல்லம். பதினாறு முடிந்தவன் கொலை வழக்கில் சிக்கினால், பெரியவர்களைப் போலவே விசாரிக்கப்படும் வாய்ப்பும் இருக்கிறது. பட்டாக் கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டிப் படம் போட்டவர்களைத் தேடிக் கைது செய்ததையும் பார்த்திருக்கிறோம். அந்தப் படமே சாட்சியாகிவிடுகிறது.

சட்டத்தின் பெயரால் அப்பாவிகளை அலைக்கழிப்பதையும் நாங்கள் ஏற்கவில்லை. இரவு வேலை முடிந்து வரும் கறிக்கடைத் தொழிலாளியையும், இன்ன தெருவில் குடியிருக்கிறான் என்பதற்காக ஒருவனையும் ஆயுத வழக்கில் சேர்ப்பது அநியாயம். அப்படி நேர்ந்தால் 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கட்டணமில்லா உதவி எண் அது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வழக்கறிஞரை இலவசமாகவே அமர்த்தித் தருவார்கள்.

இவ்வளவையும் நாங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்கிற நிலை மாற வேண்டும். எது கருவி, எது ஆயுதம், நம் மாவட்டத்துக்கு எந்த அறிவிக்கை நடப்பில் இருக்கிறது என்பதைத் தமிழில், படித்தால் புரிகிற மாதிரி எழுதி, ஊராட்சி அலுவலகத்திலும் பேருந்து நிலையத்திலும் ஒவ்வொரு பட்டறையிலும் மாவட்ட நிர்வாகம் ஒட்ட வேண்டும். அதற்கு ஊரின் குரல் வேண்டும். அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்கு வாருங்கள். பெண்களும் இளைஞர்களும் கட்டாயம் வாருங்கள். இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். தீர்மான வாசகத்தை எங்கள் வழக்கறிஞர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த ஊருக்கு வேண்டுமோ கேளுங்கள், நேரில் வந்து தருகிறோம்.