கம்பியில்லா இணைப்பும் நம் மாணாக்கரும்

பழைய மாணவர் கூடுமிடத்தெல்லாம் இந்நாளிற் கேட்கும் பேச்சொன்றுண்டு. கல்லூரியின் ஒவ்வொரு மண்டபத்திலும் வைஃபை வசதி அமைத்துக் கொடுத்தல் வேண்டும் என்பதே அது. நன்று, பணமும் சேரும், பெட்டிகளும் சுவரில் ஏறும். ஏறியபின் அவற்றை ஆள்பவர் யாவர் என்பதே எமது வினா.

யாம் அறிந்த கல்விக்கூடமொன்றில் மூன்று பெட்டிகளைப் பொருத்தியவர் பின்னர் கடல் கடந்து சென்றார். கடவுச்சொல்லும் அவருடன் சென்றது. மூன்றும் 6ஆம் சானலிலேயே இயங்கியமையால் ஒன்று பேசும்போது மற்றவை காத்திருந்தன. பரீட்சைக் காலத்தில் மாணாக்கர் முற்றத்து மாமரத்தடியில் நின்று, தம் கைக்காசிற் பெற்ற தரவைக்கொண்டு வினாத்தாள்களை இறக்கியதை யாம் கண்டோம். இத்தனைக்கும் பிழை சிறிது. 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையிற் சானல்கள் 5 மெகாஹேட்ஸ் இடைவெளியில் அமைந்துள்ளன. பெட்டியின் அலையோ ஏறத்தாழ 20 மெகாஹேட்ஸ் அகலமுடையது. ஆதலின் 1, 6, 11 என வைப்பின் ஒன்றோடொன்று முட்டா. பௌதிகம் பயிலும் மாணவன் எவனும் இதனை அறிந்து திருத்தியிருப்பான், திருத்தும் வழி தெரிந்திருப்பின்.

அவ்வழி கட்டளை வரியாகும். 2003இல் லிங்சிஸ் நிறுவனம் தன் டபிள்யூ.ஆர்.ரி 54ஜி பெட்டியின் மூலநிரலை உரிம நிபந்தனைக்கமைய வெளியிட்டது. 2004இல் அதனடியாக ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி என்னும் இலவச மென்பொருள் தோன்றியது. இன்று அது பலவகைப் பெட்டிகளில் இயங்குகின்றது, எல்லாவற்றிலும் அன்று. ஆகவே வாங்குமுன் அதன் பட்டியலைப் பார்த்தல் நன்கொடையாளர் கடன்.

மடிக்கணினியிலிருந்து எஸ்.எஸ்.எச் வழியே பெட்டியினுட் புகுந்து, ‘யூசிஐ செற்’ என்னும் கட்டளையாற் சானலை மாற்றலாம். மாற்றம் உடனே நிலைபெறாது. ‘யூசிஐ சேஞ்சஸ்’ எனின் மாற்றிய யாவும் வரிவரியாய்த் தோன்றும். தவறெனின் ‘றிவேர்ட்’ நீக்கும்; சரியெனின் ‘கொமிற்’ நிலைநாட்டும். பின்னர் ‘வைஃபை றீலோட்’ எனப் பணித்தாற் பெட்டி புதிய சானலில் இயங்கும். விடைத்தாளைக் கொடுக்குமுன் ஒருமுறை படித்துப் பார்க்கும் பழக்கத்தை இதனினும் நன்றாய்ப் புகட்டும் பாடத்தை யாம் அறியோம்.

திரையிற் பொத்தானை அழுத்துவது எளிதன்றோ எனச் சிலர் கேட்பர். ஒரு பெட்டியுள்ள வீட்டிற்கு அஃது அமையும். பத்துப் பெட்டியுள்ள கல்லூரியில், அழுத்திய விரலுக்குச் சான்றில்லை. எழுதிய கட்டளையைக் கொப்பியிற் பதிந்து வைக்கலாம், ஆசிரியர் திருத்தலாம், அடுத்த ஆண்டு மாணவன் அப்படியே மீள இடலாம். ஆயினும் இரு எச்சரிக்கைகள். வைஃபை வழியே புகுந்து வைஃபையை மாற்றுதல் இருந்த கொம்பை வெட்டுதலாகும். கம்பி வழியே புகுக. அமைப்புக் கோப்பில் வைஃபைக் கடவுச்சொல் மறைவின்றி எழுதப்பட்டிருக்கும். படியெடுக்கும்போது அவ்வரியை நீக்குக.

விழா நிதியிற் புதுப் பெட்டிகள் வாங்கப்படுக. அவற்றைத் தொடுமுன் மாணாக்கர் கெடுத்துப் பழகுதற்குப் பௌதிக ஆய்வுகூடத்து மேசையொன்றும் சில பழைய பெட்டிகளும் வேண்டும். ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி ஏற்கும் பெட்டிகள் இரண்டு எம் வீட்டு அலுமாரியிற் கிடக்கின்றன. விழா முடிந்த மறுநாட் காலை அவற்றைக் கொணர்ந்து ஒப்படைப்போம். மேசையை ஒழித்து வைப்பது கல்லூரியின் பொறுப்பு.