அந்தக் கோடிகள் யாருக்கு வலிக்கின்றன?

2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோவுக்கு 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் தர நியூயார்க் மெட்ஸ் ஒப்பந்தம் போட்டது. அதற்கு ஓராண்டு முன்புதான் ஷோஹெய் ஓட்டானிக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் 10 ஆண்டுகளுக்கு 70 கோடி டாலர் என்று எழுதிக் கொடுத்திருந்தது. பேஸ்பால் பக்கமே போகாத என் தோழர்கள்கூட இச்செய்திகளைப் பகிர்ந்து கொதித்தார்கள். பந்தை அடிக்கிறவனுக்கு இவ்வளவா? நாற்பது வயதில் அவனால் ஓட முடியுமா? போட்ட பணம் திரும்புமா?

கடைசிக் கேள்விதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. அணி முதலாளியின் கணக்குப்பிள்ளை சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்க வேண்டியதை நாம் ஏன் இலவசமாகக் கேட்கிறோம்?

அங்கே நடைமுறை இதுதான். மேஜர் லீகுக்கு வரும் இளைஞர் ஆறு ஆண்டு சேவைக்காலம் முடியும்வரை தன் விருப்பப்படி வேறு அணிக்குப் போக முடியாது. முதல் சில ஆண்டுகளில் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளம்தான். பிறகு நடுவர் வழியாகக் கொஞ்சம் உயரும். ஆல்பர்ட் பூஹோல்ஸ் 2001இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸில் அறிமுகமாகி 37 ஹோம் ரன் அடித்தார். அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்தது 2 லட்சம் டாலர். அப்போது யாரும் "இது தகுமா?" என்று கட்டுரை எழுதவில்லை. 2011 இறுதியில் ஏஞ்சல்ஸ் அவருக்கு 10 ஆண்டுகளுக்கு 24 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஆட்டம் தளர்ந்ததும் ஊரே கூடி அந்த ஒப்பந்தத்தைக் கரித்துக் கொட்டியது.

மலிவாக அனுபவித்தது ஒரு அணி, பில் கட்டியது இன்னொரு அணிதானே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் இளம் வயது உழைப்பை மலிவாக வைத்திருக்கும் விதியை முதலாளிகள் எல்லோரும் சேர்ந்துதான் கட்டிக் காக்கிறார்கள். தவிர, ஏஞ்சல்ஸ் உரிமையாளர் ஆர்ட் மொரேனோ அந்த அணியை 2003இல் வாங்கிய விலை சுமார் 18 கோடி டாலர். இன்று ஃபோர்ப்ஸ் மதிப்பீட்டில் அது 250 கோடிக்கு மேல். இவருக்காகவா நாம் அழுகிறோம்?

"மோசமான ஒப்பந்தங்கள்" பட்டியல்களில் தவறாமல் வரும் இன்னொரு பெயர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க். 2019இல் வாஷிங்டன் நேஷனல்ஸுக்காக அவர் எறிந்தது 240 இன்னிங்ஸுக்கு மேல். அந்த அணிக்கு அதன் முதல் வேர்ல்டு சீரிஸ் பட்டம் கிடைத்தது; அந்தத் தொடரின் சிறந்த வீரரும் அவரே. உடனே 7 ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர். அதன்பின் எட்டே ஆட்டங்கள். தோள், கழுத்து நரம்புகள் நசுங்கும் நோயால் கை முடங்கி 2024இல் ஓய்வு. எட்டு ஆட்டத்துக்கு இவ்வளவா என்று சிரிக்கிறவர்கள், அந்தக் கை யாருக்காக எறிந்து தேய்ந்தது என்று கேட்பதில்லை. ஆலையில் விரலை இழந்த தொழிலாளிக்கு இழப்பீடு கேட்கும் நாம், தொகை பெரிதானதும் நியாயத்தை மாற்றிக்கொள்கிறோம்.

இந்த ஒப்பந்தங்கள் முதலாளிகளின் தாராளத்தால் வந்தவையல்ல. 1969இல் கார்டினல்ஸ் அணி கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின வீரரை, ஒரு வார்த்தை கேட்காமல், ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. அன்றைய விதிப்படி வீரர் ஆயுளுக்கும் அணியின் உடைமை. ஆண்டுக்கு 90,000 டாலர் வாங்கியவர் அவர்; நல்ல சம்பளம் வாங்கும் அடிமையும் அடிமையே என்று தொலைக்காட்சியிலேயே சொன்னார். வழக்குப் போட்டார். ஜாக்கி ராபின்சன் அவருக்காகச் சாட்சி சொன்னார். அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவர்கூட வரவில்லை. 1972இல் உச்ச நீதிமன்றம் 5-3 என்று அவரைத் தோற்கடித்தது. அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்க்கையும் முடிந்திருந்தது. 1975இல் நடுவர் பீட்டர் சைட்ஸ் வேறு இரு வீரர்களின் வழக்கில் தந்த தீர்ப்புதான் பூட்டை உடைத்தது. சோட்டோ கையெழுத்திட்ட காகிதம் அங்கிருந்து வருகிறது.

ஒரு மனிதருக்கு 76 கோடி டாலர் நீதியான உலகில் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோட்டோவுக்குப் போகாத பணம் சுண்டல் விற்பவருக்கா போகும்? ஹெட்ஜ் ஃபண்ட் முதலாளி ஸ்டீவ் கோஹனிடமே இருக்கும். தலைப்புச் செய்தித் தொகையிலும் பித்தலாட்டம் உண்டு. ஓட்டானியின் 70 கோடியில் 68 கோடி வட்டியில்லாமல் 2034 முதல் 2043 வரைதான் கைக்கு வரும். (உதவித்தொகைக்காக மாதக்கணக்கில் காத்திருந்து பழகிய ஆய்வு மாணவனான எனக்கே இது கொஞ்சம் அதிகம்.)

கோபப்பட வேண்டிய இடம் கீழே இருக்கிறது. மைனர் லீக் வீரர்களுக்குக் கூட்டாட்சியின் குறைந்தபட்ச ஊதியப் பாதுகாப்பைப் பறிக்க 2018இல் சட்டமே கொண்டுவந்தார்கள். 2022இல் அவர்கள் சங்கத்தில் சேர்ந்த பிறகுதான் அடுத்த ஆண்டு முதல் கூட்டு ஒப்பந்தம் வந்தது. அதிலும் கீழ்நிலை முழுப் பருவ அணியில் ஆண்டுக்குச் சுமார் 26,000 டாலர்தான்.

இப்போதைய மேஜர் லீக் கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்ற பேச்சை முதலாளிகள் தரப்பு கிளப்பிவிட்டது. 1994இல் இதே கோரிக்கையால்தான் வேலைநிறுத்தம் வந்து வேர்ல்டு சீரிஸே ரத்தானது. அவர்கள் மீண்டும் மேசைக்கு வரும்போது சோட்டோவின் 76.5 கோடியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். சங்கம் அந்த ஆறு ஆண்டைக் குறைக்கச் சொல்ல வேண்டும், மைனர் லீக் சம்பளத்தை உயர்த்தச் சொல்ல வேண்டும். உச்சவரம்பு வேண்டுமென்றால் முதலாளிகளின் லாபத்துக்கு முதலில் வைக்கட்டும்.