ஒத்த இரண்டனுள் ஒன்று

மாட்டுவண்டிக்கும் மோட்டார் வண்டிக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி கேட்டால் எவரும் நெடுநேரம் தயங்கார். நீளத்தாலும் வேகத்தாலும் தோற்றத்தாலும் ஏறக்குறைய ஒத்த இரு வண்டிகளைக் காட்டி, "இவற்றுள் எது வேண்டும்?" என்று கேட்டாலோ வீட்டிலே ஒரு வாரம் தர்க்கம் நடக்கும். வேற்றுமை பெரிதாயின் அறிவு விரைந்து தீர்ப்புக் கூறும். அது சிறிதாயின், நிறமும் மினுக்கமும் அறிவின் ஆசனத்தில் ஏறி அமர்ந்து விடும். இவ்வுண்மையை ஆராய்தற்கு இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள், வட அமெரிக்க ஏரிகளிலே குடும்பத்தினர் ஓட்டி மகிழும் நீர்த்தாரைப் படகு.

நம் கரையோரங்களிலே வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய வள்ளங்களை யாவரும் கண்டிருப்பர். அவற்றின் பின்புறத்தில், நீருக்குள்ளே விசிறி ஒன்று சுழன்று வள்ளத்தை உந்தும். நீர்த்தாரைப் படகிலும் சுழலும் அலகுகள் உண்டு. ஆனால் அவை படகின் வயிற்றினுள், ஒரு குழாய்க்குள்ளே மறைந்திருக்கும். அடித்தளத்திலுள்ள கம்பித் தட்டி வழியாக நீர் உள்ளிழுக்கப்பட்டு, பின்புறத்துக் குறுகிய குழல்வாயினாற் பெருவேகத்துடன் வெளியே பீச்சப்படும். நீர் பின்னோக்கிப் பாயப் படகு முன்னோக்கிச் செல்லும். நியூற்றனின் மூன்றாம் விதிக்கு இதனினும் தெளிவான உதாரணத்தை மாணவர்கள் தேடவேண்டியதில்லை.

இம்முறையை நடைமுறைக்குக் கொணர்ந்து புகழ்பெற்றவர் நியூசிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹமில்ரன் (1899–1978). அவருடைய பண்ணை இருந்த மலைநாட்டு ஆறுகள் விரைவு மிக்கவை. ஆழமோ மிகக் குறைவு. விசிறிப் படகு அங்கே சென்றால் பாறையில் மோதி அலகுகள் முறியும். 1954ஆம் ஆண்டில் அவர் தமது முதல் நீர்த்தாரைப் படகை ஓட்டினார். நீரைப் பீச்சிப் படகை உந்தும் எண்ணம் அவருக்கு முன்னரே பிறருக்கும் தோன்றியதுதான். தாரையை நீர்மட்டத்தின் கீழே விடாது, மேலே காற்றிற் பாயுமாறு அமைத்தமையே அவருக்குப் பெருவெற்றி தந்தது. 1960இல் அவரது படகுகள் அமெரிக்காவின் கொலறாடோ ஆற்றிலே, கிராண்ட் கன்யன் எனும் பெரும் பள்ளத்தாக்கினூடே நீரோட்டத்தை எதிர்த்து மேலேறிச் சென்றன. 1974இல் அவருக்குச் 'சேர்' பட்டம் வழங்கப்பட்டது.

ஆழமற்ற ஆற்றுக்கெனப் பிறந்த அம்முறை நாளடைவிற் குடும்ப உல்லாசப் படகுகளிலும் புகுந்தது. பழைய படகு வாங்க எண்ணும் அமெரிக்க, கனடியக் குடும்பங்களின் முன்னே வந்து நிற்கும் இரண்டை இங்கே ஒப்பிடுவோம். ஒன்று கனடாவின் பி.ஆர்.பி. நிறுவனத்தாரின் 'சீடூ சலஞ்சர் 180'. மற்றது யப்பானின் யமகா நிறுவனத்தாரின் 'எஸ்.எக்ஸ். 190'. முன்னது ஏறத்தாழ 18 அடி நீளமுடையது. பின்னது ஏறத்தாழ 19 அடி. இரண்டும் கண்ணாடியிழையால் ஆனவை. இரண்டிலும் ஓர் இயந்திரமே உண்டு. முன்புறத்திலும் நடுவிலும் இருக்கைகள், பின்புறத்தில் நீந்துவோர் ஏறி இறங்குதற்கான மேடை. கரையில் நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலவே தோன்றும்.

மூடியைத் திறந்து உள்ளே பார்த்தால் வேற்றுமை புலப்படும். சீடூவின் உள்ளே இருப்பது 1,494 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் மூன்று உருளைகளும் கொண்ட றொட்டாக்ஸ் இயந்திரம். இதன் எளிய வகை 155 பரிவலு உடையது. காற்றை அழுத்தி ஊட்டும் சூப்பர்சார்ஜர் பூட்டிய வகைகளின் வலு 215உம் அதற்கு மேலும் ஆகும். யமகாவின் இயந்திரம் 1,812 கன சென்ரிமீற்றர், உருளைகள் நான்கு, அக்கருவியின் துணை அதற்கு இல்லை. சிறிய இயந்திரத்தைத் தூண்டி வேலை வாங்குவது ஒரு வழி. பெரிய இயந்திரத்தை அதன் இயல்பிலே விடுவது மற்றொரு வழி. தூண்டப்பட்ட இயந்திரம் புறப்படும்போது துள்ளி எழும். ஆயின், கருவி ஒன்று கூடினால் கவனிக்க வேண்டிய உறுப்பும் ஒன்று கூடிற்று என்பதை வாங்குவோர் மறத்தலாகாது.

இதனினும் முக்கியமானது குளிர்விக்கும் முறை. யமகாவின் இயந்திரம், படகு மிதக்கும் நீரையே உள்ளிழுத்துத் தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும். நல்ல நீர் ஏரியில் இதனால் இடரில்லை. கடலிலோ, உப்புநீர் இயந்திரத்தின் உட்குழாய்களினூடே ஓடும். ஒவ்வொரு நாளும் ஓட்டம் முடிந்ததும் நன்னீர் விட்டுக் கழுவாவிடில் அரிப்பு உண்டாகும். றொட்டாக்ஸ் இயந்திரத்திலோ மோட்டார் வண்டியிற் போலக் குளிர்திரவம் மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றிவரும். உப்பு அதன் உள்ளுறுப்புகளைத் தீண்டாது. எனினும் அதன் புகை வெளியேறும் குழாய் வெளிநீராலேயே குளிர்விக்கப்படுவதால், கழுவும் கடமை முற்றாக நீங்கிவிடுவதில்லை.

களை மிகுந்த நீர்நிலைகளிலே வேறொரு கேள்வி எழும். புல்லோ கயிறோ உள்ளிழுக்கப்பட்டால் தாரை வலுவிழக்கும். யமகாவின் பின்மேடையிலுள்ள மூடியைத் திறந்து, இயந்திரத்தை நிறுத்திய பின் கையாலே அதனை அகற்றலாம். மற்றப் படகை வாங்குவோர், அடைப்பு நேர்ந்தால் எவ்வழியாக எடுப்பது என்பதை முன்னரே கேட்டறிதல் நன்று. நடு ஏரியில், பிள்ளைகள் அழும் வேளையில், அதனைக் கற்கத் தொடங்குதல் அறிவுடைமையாகாது.

காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பி.ஆர்.பி. நிறுவனம் சீடூ உல்லாசப் படகுகளின் உற்பத்தியை 2012இல் நிறுத்தியது. 2021இல் அப்பெயரில் அறிமுகமான 'சுவிட்ச்' வேறு இனத்தது. அது மிதவைப் படகு. ஆகவே, இன்று விலைக்கு வரும் சலஞ்சர் எதுவாயினும் பத்து வயதைத் தாண்டியதே. அவ்வியந்திரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைவினைஞன் அருகிலுள்ளானா என்று விசாரியாமற் பணத்தை எண்ணிக் கொடுத்தலாகாது.

இவை யாவும் இரு படகுகளுக்கும் இடையிலுள்ள வேற்றுமைகள். இரண்டுக்கும் பொதுவான குணங்களே குடும்பத்தின் உயிருக்கு நெருங்கியவை. விற்போர் அவற்றைப் பற்றிப் பெரும்பாலும் வாய் திறவார். தாரைதான் இப்படகின் சுக்கான். எதிரே ஓர் ஆபத்தைக் கண்டு அஞ்சிய ஒருவர் இயல்பாகவே விசைத்தண்டைப் பின்னிழுப்பார். உடனே தாரை மெலியும். சக்கரத்தை எவ்வளவு திருப்பினும் படகு வந்த திசையிலேயே வழுக்கிச் செல்லும். திரும்ப வேண்டின் சிறிது விசை கொடுத்தே திருப்ப வேண்டும். அச்சம் சொல்வதற்கு மாறாகக் கை செய்யவேண்டிய இப்பழக்கம் பயிற்சியின்றி வராது. தகப்பன் மட்டும் கற்றாற் போதாது. தாயும், சக்கரத்தைப் பிடிக்கும் ஒவ்வொருவரும் கற்றிருத்தல் வேண்டும்.

வெளியே சுழலும் விசிறி இல்லை என்பதனாற் பின்மேடை தொட்டில் ஆகிவிடாது. உள்ளிழுக்கும் துவாரம் நீண்ட கூந்தலையும் தளர்ந்த ஆடையையும் பற்றக்கூடும். தாரைக்கு நேரே பின்புறமாக விழுந்தவருக்கு நீரின் வேகத்தால் உடலினுள்ளே கடுங்காயம் ஏற்படலாம். புகையோடு வெளிவரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது ஓசையின்றிக் கொல்லும். ஆதலின், இயந்திரம் ஓடும்போது பின்மேடையில் எவரையும் இருக்க விடலாகாது. ஓட்டுநர் படகிலிருந்து தவறி விழுந்தால் இயந்திரத்தைத் தானே நிறுத்தும் இணைப்பு ஒன்று உண்டு. 26 அடிக்குக் குறைந்த நீளமுடைய பெரும்பாலான இயந்திரப் படகுகள் விரைந்து செல்லும்போது ஓட்டுநர் அதனைப் பயன்படுத்த வேண்டுமென ஐக்கிய அமெரிக்கா 2021 ஏப்பிரில் 1ஆம் திகதி முதல் விதித்துள்ளது. சட்டம் இல்லாத இடத்திலும் அறிவு அதனையே விதிக்கும்.

அங்ஙனமாயின் எதனை வாங்குவது? உப்புநீரிலே அடிக்கடி ஓடப்போகும் குடும்பத்துக்கு, மூடிய குளிர்முறையுடைய சீடூ ஏற்றது. சூப்பர்சார்ஜர் இல்லாத 155 பரிவலு வகை கிடைக்குமாயின் இன்னும் நன்று. நன்னீர் ஏரியே போதும், தொல்லை குறைந்திருந்தாற் போதும் என்போருக்கு யமகா ஏற்றது. எதுவாயினும் படகைக் கரையிற் கண்டு விலைபேசாது நீரில் இறக்கச் சொல்லுங்கள். குடும்பத்தினர் அனைவரும் ஏறுங்கள். தகட்டிற் பொறித்த எண்ணிக்கைக்கு மேற்படாதீர்கள். இவ்வியந்திரங்கள் முழுவிசையில் நிமிடத்துக்கு 7,000 சுற்றுக்கும் மேலாகச் சுழல்வன; அவ்விரைச்சல் காதுக்கு ஒவ்வுமா என்று கேட்டுப் பாருங்கள். இறங்குதுறையை மெல்ல அணுகிப் பாருங்கள். முழு விசையிற் பறப்பது எவருக்கும் எளிது. துறையிற் பொருந்த நிறுத்துவதிலேதான் படகின் குணமும் ஓட்டுநரின் குணமும் தெரியவரும்.

இறுதியாக ஒன்று. அச்சோதனையின்போது சக்கரத்தைக் குடும்பத்திலே தயக்கம் மிகுந்தவர் கையிற் கொடுத்துப் பாருங்கள். எந்தப் படகிலே அவர் முகத்தின் கலக்கம் முதலில் நீங்குகின்றதோ, அந்தப் படகையே வாங்குக. குடும்பத்துக்கென வாங்கும் பொருளை அக்குடும்பத்துள் வல்லவனின் கையைக் கொண்டு அளத்தல் முறையன்று.